ஹைன்ஸ் ஹாப்ஃப்: இயற்கணித இடவியலுக்கு அவர் தந்தது எடுத்துக்காட்டா, இயற்கணிதமா?

கோளப்பித்தன் (இழையைத் தொடங்கியவர்)

இயற்கணித இடவியலின் (வடிவங்களை இயற்கணிதக் கருவிகளால் ஆராயும் துறையின்) வரலாற்றைச் சுருக்கிச் சொல்லும் கட்டுரைகள் பெரும்பாலும் புவான்காரேயில் தொடங்கி, எமி நோதரைத் தொட்டு, ஐலன்பர்க்கிலும் செர்ரிலும் போய் முடிகின்றன. இடையில் ஹைன்ஸ் ஹாப்ஃபுக்கு (1894–1971) ஒரு பத்தி கிடைக்கும். அதில் அவருடைய புகழ்பெற்ற சார்பைக் காட்டும் ஓர் அழகான வண்ணப் படமும் இருக்கும். அந்தப் படத்துக்குப் பின்னால் உள்ள கணிதத்தைப் பேசுவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஹாப்ஃபின் 1931ஆம் ஆண்டுக் கட்டுரை ‘மத்தேமாட்டிஷே அன்னாலன்’ இதழின் 104ஆவது தொகுதியில் வெளிவந்தது. முப்பரிமாணக் கோளத்திலிருந்து சாதாரணக் கோளப்பரப்புக்குச் செல்லும் தொடர்ச்சியான சார்புகளை அது ஆராய்கிறது. (முப்பரிமாணக் கோளம் என்று நான் குறிப்பிடுவது, நாற்பரிமாண வெளியில் ஆதியிலிருந்து ஓரலகு தொலைவில் உள்ள புள்ளிகளின் தொகுப்பை.) உயர்ந்த பரிமாணத்திலிருந்து தாழ்ந்த பரிமாணக் கோளத்துக்குச் செல்லும் எந்தச் சார்பையும் சுருக்கிச் சுருக்கி ஒரே புள்ளியில் கொண்டுவந்துவிடலாம் என்று நம்புவதற்கு அன்று எல்லாக் காரணமும் இருந்தது. ஏனெனில், கோளப்பரப்பின் மூன்றாம் ஹோமாலஜிக் குலம் (ஒரு வடிவத்தின் ஓட்டைகளைப் பரிமாணவாரியாகக் கணக்கிடும் இயற்கணித அமைப்பு) பூச்சியம். கையில் இருந்த ஒரே கருவிக்கு அங்கே எதுவும் தென்படவில்லை. அப்படிச் சுருக்கவே முடியாத ஒரு சார்பையும், அதைக் கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றாக உருமாற்ற முடியாத முடிவிலி எண்ணிக்கையிலான சார்புகளையும் ஹாப்ஃப் எடுத்து வைத்தார்.

என் கருத்து இதுதான்: ஹாப்ஃபின் உண்மையான கொடை தேற்றங்களைவிட எடுத்துக்காட்டுகளில்தான் இருக்கிறது. இருக்கும் கருவி எந்த இடத்தில் குருடாகிறதோ, அந்த இடத்தின் மிகச் சிறிய உதாரணத்தைத் தேடிப் பிடிப்பது அவருடைய கைவரிசை. இயற்கணிதம் அவருக்குப் பின்னால் வந்தவர்களின் வேலை. மறுப்பவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

பழைய வாத்தியார்

மறுக்கத்தான் வருகிறேன், ஆனால் தங்கள் கூற்றில் பாதி சரி என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

ஹாப்ஃப் இந்தத் துறைக்கு வந்து சேர்ந்த விதத்தைப் பாருங்கள். பிரெஸ்லாவுக்கு அருகே பிறந்து அங்கேயே கல்லூரியில் சேர்ந்தவர், முதல் உலகப் போர் மூண்டதும் படைக்குப் போனார். 1917இல் கிடைத்த குறுகிய விடுப்பில் எர்ஹார்ட் ஷ்மிட்டின் வகுப்பொன்றில் போய் உட்கார்ந்தார். பரிமாணத்தின் மாறாத்தன்மையைப் பிரௌவர் நிறுவிய விதத்தை ஷ்மிட் அங்கே விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நிறுவலின் உயிர்நாடி, ஒரு சார்பின் ‘படி எண்’ என்னும் கருத்து: ஒரு கோளம் இன்னொரு கோளத்தின் மீது எத்தனை முறை போர்த்தப்படுகிறது என்று சொல்லும் முழு எண் அது. ஹாப்ஃபின் வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஓர் எண்ணைப் பல திசைகளில் இழுத்துப் பார்த்ததன் விளைவு என்றே சொல்லலாம். ஒரே பரிமாணமுள்ள இரு கோளங்களுக்கிடையே உள்ள சார்புகள் ஒன்றிலிருந்து ஒன்றாக உருமாறுவதற்கு அவற்றின் படி எண்கள் சமமாக இருந்தால் போதும் என்பதை எல்லாப் பரிமாணங்களுக்கும் நிறுவியவர் அவர்தான்.

வெக்டர் புலங்களைப் பற்றிய புவான்காரே–ஹாப்ஃப் தேற்றமும் அதே வழியில் வந்தது. மட்டை உரித்த தேங்காயின் நாரை எங்குமே சுழி விழாமல் படிய வாரிவிட முடியாது. ஆனால் மெதுவடையின் மேல் நார் முளைத்திருந்தால் வாரிவிடலாம். சுழிகளை உரிய குறியோடு கூட்டினால் கிடைப்பது அந்தப் பரப்பின் ஆய்லர் எண்: தேங்காய்க்கு 2, வடைக்கு 0. இரு பரிமாணத்தில் புவான்காரே கண்டதை எல்லாப் பரிமாணங்களுக்கும் ஹாப்ஃப் 1926இல் விரித்தார். இது எடுத்துக்காட்டு அல்ல, முழுத் தேற்றம்.

இயற்கணிதம் பிறருடைய வேலை என்ற கூற்றும் எனக்கு உடன்பாடில்லை. 1925இல் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றபின் கோட்டிங்கனுக்குப் போன ஹாப்ஃபுக்கு அங்கே இரண்டு உறவுகள் வாய்த்தன: ஒன்று பாவெல் அலெக்சாந்தரோவின் நட்பு, மற்றொன்று எமி நோதரின் அருகாமை. அதுவரை இடவியலார் பெட்டி (Betti) எண்களையும் முறுக்க எண்களையும் (ஒரு வடிவத்தின் ஓட்டைகளையும் முறுக்கங்களையும் அளக்கும் எண்கள்) அணிகளை வைத்துக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். எண்களை விடுங்கள், அவற்றைத் தரும் குலங்களை நேரடியாகப் பாருங்கள் என்பது நோதரின் நிலைப்பாடு. ஆய்லர்–புவான்காரே வாய்பாட்டைப் பொதுமைப்படுத்தும் தம் 1928ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஹாப்ஃப் அந்த வழியை ஏற்றார். நிறுவல் எளிதானதற்கு நோதரே காரணம் என்று அவரே பதிவும் செய்திருக்கிறார். அதே காலத்தில் வியன்னாவில் வியடோரிஸும் மாயரும் தனி வழியில் இதே இடத்துக்கு வந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் 1935இல் அலெக்சாந்தரோவும் ஹாப்ஃபும் சேர்ந்து வெளியிட்ட ‘டோபோலோகி’ என்ற நூல்தான் குலங்களின் மொழியை ஒரு தலைமுறைக்குப் பழக்கியது.

முதலாண்டு ஆய்வு மாணவி

இருவருக்கும் வணக்கம். என் ஐயம் மிக அடிப்படையானது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஹாப்ஃபின் சார்பைப் பாடநூலில் வாய்பாடாகப் படித்திருக்கிறேன். அது தொடர்ச்சியானது என்று சரிபார்க்கவும் தெரியும். ஆனால் அதைச் சுருக்க முடியாது என்பதை எந்தக் கணக்கு காட்டுகிறது என்பதுதான் மனத்தில் நிற்கவில்லை. ஹோமாலஜி பூச்சியம் என்றால், தடுப்பது எது?

கோளப்பித்தன்

தங்கையின் கேள்விதான் இந்த இழையின் மையம். வாத்தியார் ஐயாவுக்குப் பிறகு பதில் எழுதுகிறேன். முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

க, ச என்ற இரு கலப்பெண்களை எடுத்துக்கொள்வோம்; |க|² + |ச|² = 1. இந்த இணைகள்தாம் முப்பரிமாணக் கோளத்தின் புள்ளிகள். ஹாப்ஃபின் சார்பு (க, ச) என்ற இணையை க/ச என்ற விகிதத்துக்கு அனுப்புகிறது. ச பூச்சியமானால் விடை முடிவிலிப் புள்ளி. கலப்பெண் தளத்தோடு முடிவிலிப் புள்ளியைச் சேர்த்தால் கோளப்பரப்பு கிடைக்கும் என்பது இளங்கலையிலேயே படித்தது. விகிதம் பிடிக்காதவர்கள் இப்படிச் செய்யலாம்: க-வை ச-வின் இணைக் கலப்பெண்ணால் பெருக்கி இரட்டியுங்கள், அதன் மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும் முதல் இரு ஆயங்கள், |க|² − |ச|² மூன்றாவது ஆயம். மூன்றின் வர்க்கங்களையும் கூட்டினால் 4|க|²|ச|² + (|க|² − |ச|²)², அதாவது (|க|² + |ச|²)², அதாவது 1. சார்பு கோளப்பரப்பை விட்டு எங்கும் போகவில்லை.

இப்போது பின்னோக்கிப் பார்ப்போம். கோளப்பரப்பில் ஒரு புள்ளியை எடுத்தால் அதன் முன்பிம்பம் என்ன? க-வையும் ச-வையும் மட்டு 1 உள்ள ஒரே கலப்பெண்ணால் பெருக்கினால் விகிதம் மாறாது. ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் ஒரு முழு வட்டம் நிற்கிறது. அந்த வட்டங்களைத்தான் இழைகள் என்கிறோம் (நாம் எழுதிக்கொண்டிருப்பதும் இழைதான், பெயர்ப் பொருத்தம் தற்செயல்). வட துருவத்தின் முன்பிம்பம் ச = 0 என்ற வட்டம்; தென் துருவத்தின் முன்பிம்பம் க = 0 என்ற வட்டம். முப்பரிமாணக் கோளத்தை நம் வெளியில் வீழ்த்திப் பார்த்தால் முதலாவது தரையில் கிடக்கும் ஓரலகு வட்டமாகவும், இரண்டாவது அதன் நடுவே செங்குத்தாகச் செல்லும் அச்சுக்கோடாகவும் தெரியும்; அந்தக் கோடு முடிவிலியில் மூடிக்கொள்வதால் அதுவும் வட்டமே. கோடு வட்டத்தின் தட்டை ஒரே முறை துளைக்கிறது. சங்கிலியின் அடுத்தடுத்த இரு கண்ணிகளைப் போல அவை கோத்துக்கொண்டிருக்கின்றன.

தடுப்பது இந்தக் கோப்புதான். எந்தச் சார்புக்கும், கோளப்பரப்பில் விதிவிலக்கில்லாத இரு புள்ளிகளின் முன்பிம்பங்களை எடுத்து, அவை எத்தனை முறை கோத்துள்ளன என்ற பின்னல் எண்ணைக் கணக்கிடலாம். சார்பைத் தொடர்ச்சியாக உருமாற்றினாலும், புள்ளிகளை மாற்றினாலும் அந்த எண் மாறுவதில்லை என்பதை ஹாப்ஃப் நிறுவினார். நிலையான சார்புக்கு அது 0. இந்தச் சார்புக்கு 1. ஆகவே ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியாது. இன்னும் வேண்டுமானால், முதலில் முப்பரிமாணக் கோளத்தைத் தன் மீதே 7 முறை போர்த்திவிட்டுப் பிறகு இந்தச் சார்பைப் பயன்படுத்துங்கள். பின்னல் எண் 7 ஆகும். முடிவிலி எண்ணிக்கையிலான வகைகள் இப்படித்தான் வந்தன.

படத்தில் தெரியும் மற்ற இழைகளுக்கு வடைதான் உவமை. கோளப்பரப்பின் ஓர் அட்சக் கோட்டுக்கு மேல் உள்ள இழைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வடையின் மேல்தோலை நிரப்புகின்றன. வடையைக் கத்தியால் சரியான சாய்வில் வெட்டினால் வெட்டுமுகத்தில் தெரியும் இரு வட்டங்கள்தாம் அந்த இழைகள்.

வடிவக்காரர்

கடைசி வாக்கியத்தில் ஒரு திருத்தம் தேவை. உட்பக்கத்தில் இரண்டு இடங்களில் தொட்டும் தொடாமலும் செல்லும் சாய்ந்த தளம் வடையின் பரப்பை இரு வட்டங்களில் வெட்டுகிறது என்பது உண்மை. 1848இல் வியார்சோ வெளிப்படுத்திய முடிவு அது. ஆனால் ஒரே வெட்டில் கிடைக்கும் அந்த இரு வட்டங்களும் இரு புள்ளிகளில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. ஹாப்ஃப் இழைகளோ ஒருபோதும் வெட்டிக்கொள்வதில்லை. ஒரு வெட்டின் இரு வட்டங்களில் ஒன்று வலமாகச் சுற்றும் குடும்பத்தைச் சேர்ந்தது, மற்றொன்று இடமாகச் சுற்றும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஹாப்ஃப் இழைகள் வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, வடையை அதன் அச்சைச் சுற்றித் திருப்ப வேண்டும்.

கோளப்பித்தன்

ஒப்புக்கொள்கிறேன். இரண்டையும் சேர்த்து எழுதியது என் பிழை.

எண்ணும் எழுத்தும்

ஹாப்ஃபைப் போற்றும் இந்த இழையில் ஒரு சங்கடமான நிகழ்வையும் பதிவு செய்ய விரும்புகிறேன். 1932இல் சூரிக் நகரில் பன்னாட்டுக் கணிதவியலாளர் மாநாடு நடந்தது. ஹெர்மன் வைலின் இடத்துக்கு ஹாப்ஃப் 1931இல் அந்நகரின் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்துவிட்டிருந்தார். மாநாட்டில் எடுவர்ட் செக் உயர் ஹோமோடோபிக் குலங்களின் (கோளங்களிலிருந்து ஒரு வெளிக்குச் செல்லும் சார்புகளை, உருமாறக்கூடியவற்றை ஒன்றாக எண்ணி வகைப்படுத்தும் குலங்களின்) வரையறையை முன்வைத்தார். அலெக்சாந்தரோவும் ஹாப்ஃபும் அந்தக் குலங்கள் எல்லாம் பரிமாற்றுப் பண்புடையவை (வரிசையை மாற்றினாலும் விடை மாறாதவை) என்று உடனே கண்டுகொண்டார்கள். ஆகவே அவை ஹோமாலஜியைத் தாண்டிப் புதிதாக எதையும் சொல்லிவிடாது என்ற எண்ணத்தில், மேலே தொடர வேண்டாம் என்று செக்கை இணங்கவைத்தார்கள். மாநாட்டுத் தொகுப்பில் அவருடைய கருத்து ஒரு சிறு பத்தியாக மட்டுமே இடம்பெற்றது. 1935–36இல் ஹுரேவிச் அதே குலங்களை மீண்டும் கொண்டுவந்து, அவற்றின் பயனையும் காட்டிய பிறகே உலகம் அவற்றை ஏற்றது.

இதில் உறுத்துவது என்னவென்றால், ஹோமாலஜிக்குத் தெரியாத ஒன்றை ஹோமோடோபிக் குலம் காணும் என்பதற்கு முதல் சான்றே ஹாப்ஃபின் கையில்தான் இருந்தது. கோளப்பரப்பின் மூன்றாம் ஹோமோடோபிக் குலம் முழு எண்களின் குலம். அதை ஈன்றெடுப்பது ஹாப்ஃபின் சார்பு. சான்றை எழுதிய ஓராண்டில், அந்தச் சான்று வாழ வேண்டிய வீட்டை அவரே வேண்டாம் என்றார். கோளப்பித்தன் சொன்னது போல, எடுத்துக்காட்டைக் காணும் கண் அவருக்கு இருந்தது. குலத்தைக் காணும் கண் அன்று இல்லை.

பழைய வாத்தியார்

நிகழ்வு உண்மை, முடிவை மட்டும் மறுக்கிறேன். அடிப்படைக் குலம் (ஒரு வெளியில் உள்ள மூடிய பாதைகளின் குலம், முதல் ஹோமோடோபிக் குலம்) பொதுவாகப் பரிமாற்றுப் பண்பு இல்லாதது. அதன் உயர்பரிமாண வடிவமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. தவறான எதிர்பார்ப்புதான், ஆனால் ஒரே மாநாட்டை வைத்து அவருக்குக் குலத்தைக் காணும் கண் இல்லை என்று தீர்ப்பெழுதுவது நியாயமாகாது. அடுத்த பத்தாண்டில் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளைப் பாருங்கள்.

முதலாவது 1941இல் வெளிவந்தது. ஒரு வெளியில் தொடர்ச்சியான பெருக்கலும் அதற்கு ஓர் அலகு உறுப்பும் இருந்தால், அந்த வெளியின் ஹோமாலஜிக்கு என்ன கட்டுப்பாடு வருகிறது என்பதே கேள்வி. லீ குலங்களுக்காக (சுழற்சிகள் போன்ற தொடர்ச்சியான சமச்சீர்களின் குலங்களுக்காக) கேட்கப்பட்ட இந்தக் கேள்விக்கு அதுவரை ஒவ்வொரு குலக் குடும்பத்தையும் தனித்தனியே கணக்கிட்டே விடை காண முயன்றார்கள். ஹாப்ஃப் பெருக்கல் இருக்கிறது என்ற ஒரே செய்தியிலிருந்து விடையைக் கறந்தார். இன்றைய மொழியில், சாதாரணக் கோளப்பரப்பை வைத்தே காட்டுகிறேன். அதன் இரண்டாம் பரிமாண வகுப்பு (ஹோமாலஜியின் இணையான, பெருக்கல் உள்ள கோஹோமாலஜியின் உறுப்பு) ப என்க; ப² = 0. பெருக்கல் ஒன்று இருந்திருந்தால் ப என்ற வகுப்பு, இரு நகல்களின் பெருக்கல்வெளியில் ப₁ + ப₂ ஆகியிருக்கும். வர்க்கப்படுத்துங்கள்: ப₁² + 2ப₁ப₂ + ப₂². இருபுறமும் உள்ளவை பூச்சியம்; நடுவில் உள்ள 2ப₁ப₂ பூச்சியமல்ல. ஆனால் ப²-இன் பிம்பம் பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். முரண்பாடு. ஆகவே கோளப்பரப்பின் மீது அப்படியொரு பெருக்கலே அமையாது. பள்ளியில் படித்த கூட்டல் வர்க்க வாய்பாடு ஒரு வடிவத்தின் விதியைத் தீர்மானிக்கிறது! ஒற்றைப் பரிமாணத்தில் ப₁ப₂, ப₂ப₁ என்பவை எதிர்க்குறி பெற்று ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் முரண்பாடு எழுவதில்லை. அதனால்தான் விகிதமுறு எண்களின் மீது பார்க்கும்போது, தொடுப்புள்ள (ஒரே துண்டான), கச்சிதமான (மூடிய, எல்லைக்குள் அடங்கிய) ஒவ்வொரு லீ குலமும் ஒற்றைப் பரிமாணக் கோளங்களின் பெருக்கல் போலவே தோன்றுகிறது. இந்த வாதத்தில் ஒளிந்திருந்த அமைப்புக்குத்தான் பின்னாளில் ஹாப்ஃப் இயற்கணிதம் என்று பெயர் வந்தது. இன்று அது இடவியலைவிட்டு வெகு தொலைவில், குவாண்டம் குலங்கள் வரை புழங்குகிறது.

இரண்டாவது 1942ஆம் ஆண்டுக் கட்டுரை. ஒரு வெளியின் இரண்டாம் ஹோமாலஜியில் கோளங்களின் பிம்பங்களால் வராத பகுதி எதுவோ, அதை அடிப்படைக் குலம் மட்டுமே தீர்மானிக்கிறது என்று அதில் காட்டினார். வெளியே இல்லாமல், குலத்தை மட்டும் வைத்து ஹோமாலஜி பேசலாம் என்ற எண்ணத்துக்கு அதுதான் கதவு. போர்க்காலத்தில் ஒருவருக்கொருவர் செய்தி எட்டாத நிலையில் அமெரிக்காவில் ஐலன்பர்க்கும் மக்லேனும், ஆம்ஸ்டர்டாமில் ஃபிராய்டென்டாலும், சுவிட்சர்லாந்தில் எக்மனும் ஏறத்தாழ ஒரே திசையில் நடந்தார்கள். இவர்களில் கடைசி இருவரும் ஹாப்ஃபின் மாணவர்கள். இதை இயற்கணிதம் இல்லை என்றால், வேறு எதை அப்படி அழைப்பது?

கோளப்பித்தன்

என் முதல் பதிவின் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன், ஐயா. ஆனால் ஒன்று: 1941ஆம் ஆண்டு வாதத்திலும் அவர் ஒரு கோட்பாட்டைக் கட்ட அமரவில்லை. லீ குலங்களைப் பற்றிய ஒரு குறிப்பிட்ட கேள்வியின் முன் அமர்ந்தார். கோட்பாடு கையோடு வந்தது. 1935ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் அதே கதைதான். 1931இன் பின்னல் எண்ணை எல்லா இரட்டைப் பரிமாணக் கோளங்களுக்கும் அதில் விரித்தார். இரட்டை மதிப்புகள் எப்போதும் கிடைக்கும். மதிப்பு 1 பரிமாணம் 2, 4, 8 ஆகியவற்றில் கலப்பெண், அதன் நான்கு, எட்டுப் பரிமாண விரிவுகளான குவாட்டர்னியன், ஆக்டோனியன் ஆகியவற்றின் உதவியால் கிடைக்கும். வேறு எங்கேனும் கிடைக்குமா என்ற ஒற்றைக் கேள்வி கால் நூற்றாண்டு காலம் துறையைப் பிடித்து ஆட்டியது. இல்லை என்று ஃபிராங்க் ஆடம்ஸ் நிறுவி 1960இல் வெளியிட்டது, இரண்டாம் நிலைச் செயலிகளை (கோஹோமாலஜி வகுப்புகளின் மீது இயங்கும் நுட்பமான கருவிகளை) கொண்டு எழுதிய மிக நீண்ட வாதம். 1966இல் ஆடம்ஸும் அத்தியாவும் கே-கோட்பாட்டை (ஒரு வெளியின் மீதுள்ள வெக்டர் கற்றைகளைக் கொண்டு அதை ஆராயும் முறையை) வைத்து அதையே சில பக்கங்களில் முடித்தார்கள். ஒரு கருவி எவ்வளவு வலியது என்று அளக்க வேண்டுமானால், ஹாப்ஃபின் கேள்வி அதற்கு எத்தனை பக்கம் கேட்கிறது என்று பார்க்கலாம் போலிருக்கிறது.

முதலாண்டு ஆய்வு மாணவி

நேற்றிரவு அமர்ந்து தங்கள் கணக்கை நானே செய்து பார்த்தேன். எனக்கு −1 வருகிறது. க-வின் பகுதிகள் அ, ஆ; ச-வின் பகுதிகள் இ, ஈ. (அ, ஆ, இ) என்பதை 1 + ஈ-ஆல் வகுத்து நம் வெளியில் வீழ்த்தினேன். கிடைக்கோட்டு வட்டம் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது; ஆனால் அச்சுக்கோடு கீழ்நோக்கி ஓடுகிறது. சரிசெய்வதற்காக, விடை விழும் கோளப்பரப்பைக் கண்ணாடியில் பார்ப்பது போலப் பிரதிபலித்தும் பார்த்தேன். அப்போதும் −1தான். எங்கே தவறுகிறேன்?

வடிவக்காரர்

தவறு எதுவும் இல்லை. தாங்கள் எதிர்த் துருவத்திலிருந்து வீழ்த்தியிருக்கிறீர்கள். 1 + ஈ-ஆல் வகுப்பது (0, 0, 0, −1) என்ற புள்ளியிலிருந்து வீழ்த்துவதாகும். அந்த வீழ்ப்பு முப்பரிமாணக் கோளத்தின் வலக்கை அமைவை இடக்கை அமைவாக மாற்றிவிடுகிறது. 1 − ஈ-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே இழை மேல்நோக்கி ஓடும், விடை +1 ஆகும்.

விடைக் கோளப்பரப்பைப் பிரதிபலித்தும் குறி மாறாததற்குக் காரணம், அப்போது ஓர் இழையின் திசை மட்டும் புரள்வதில்லை, இரு இழைகளின் திசையும் சேர்ந்தே புரள்கின்றன. பின்னல் எண்ணில் இரண்டு கழித்தல் குறிகளும் பெருகிக் கூட்டலாகிவிடுகின்றன. பொதுவாக, விடைக் கோளப்பரப்பைத் தன் மீது 3 முறை போர்த்தினால் ஹாப்ஃபின் எண் 3 மடங்கு ஆகாது, 9 மடங்கு ஆகும். மூலக் கோளத்தைப் போர்த்தினால் மட்டுமே 3 மடங்கு. ஆகவே குறியை மாற்ற விரும்பினால் மூலத்தில்தான் கை வைக்க வேண்டும்: ச-வுக்குப் பதிலாக அதன் இணைக் கலப்பெண்ணை எழுதிவிட்டு மீண்டும் கணக்கிடுங்கள்.

முதலாண்டு ஆய்வு மாணவி

இரண்டு வழியிலும் +1 வந்துவிட்டது. நன்றி.